தேர்வுக்கு வரும் மொழி: ஜப்பானியப் பள்ளிகளும் ஆங்கிலமும்

கேள்வி இதுதான்: ஜப்பானில் நடுநிலைப் பள்ளியில் மூன்று ஆண்டு, மேல்நிலைப் பள்ளியில் மூன்று ஆண்டு, பிறகு பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலம் படிக்கிறார்கள். அப்படியிருந்தும் டோக்கியோ ரயில் நிலையத்தில் வழி கேட்டால் பட்டம் பெற்றவர்கூட ஏன் வாய் திறக்கத் தயங்குகிறார்? குறை கல்வி முறையிலா, ஜப்பானியரின் கூச்ச சுபாவத்திலா?

கூச்சம் என்ற விளக்கத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். டோக்கியோவுக்கு வடக்கே சைதாமாவில் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்தேன்; என் மகள் அங்கே அரசுப் பள்ளியில்தான் படித்தாள். அங்கே நான் பழகியவர்கள் தங்கள் மொழியில் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள். பத்து வயதுப் பிள்ளைகள் பள்ளி விழாவில் நானூறு பேர் முன்னால் கணீரென்று பேசிவிட்டு இறங்குவார்கள். ஆங்கிலம் என்றதும் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றால், அந்தப் பயம் பிறவியில் வந்ததாக இருக்க முடியாது. அது கற்றுக்கொடுக்கப்பட்டது, கற்றுக்கொடுத்தது பள்ளி. பள்ளி அப்படி ஆனதற்குக் காரணம் தேடிப் போனால் நாகசாகி வரை போக வேண்டியிருக்கிறது.

எடோ காலத்தில் (1603–1868) ஐரோப்பியரில் டச்சுக்காரர்களுக்கு மட்டுமே ஜப்பானில் வணிக அனுமதி. அவர்களும் நாகசாகித் துறைமுகத்தில் கட்டப்பட்ட டெஜிமா என்ற செயற்கைத் தீவுக்குள் அடைபட்டிருந்தார்கள். ஆகவே வெளிநாட்டு மொழி பெரும்பாலான ஜப்பானிய அறிஞர்களிடம் மனிதக் குரலாக வரவில்லை, புத்தகமாக வந்தது. 1771-ல் சுகிதா கென்பாகு, மாயெனோ ரியோதாகு ஆகிய மருத்துவர்கள் எடோ நகரின் (இன்றைய டோக்கியோ) கொலைக்களத்தில் ஓர் உடல் அறுக்கப்படுவதைப் பார்க்கப் போனார்கள். கையில் ஒரு டச்சு உடற்கூறு நூல். தாங்கள் காலங்காலமாகப் படித்த சீன மருத்துவப் படங்கள் எதிரே கிடந்த உடலோடு பொருந்தவில்லை. டச்சுப் படங்கள் அப்படியே பொருந்தின. உடனே அதை மொழிபெயர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். சுகிதாவுக்கு அப்போது டச்சு எழுத்துகள்கூடத் தெரியாது. நம்பிக்கையாகப் புரட்டிப் பார்க்க ஓர் அகராதி கிடையாது. ஒரு வரியோடு ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டி, 1774-ல் நூலை வெளியிட்டார்கள். நரம்பைக் குறிக்க ஜப்பானியர் இன்றும் சொல்லும் 'ஷின்கேய்' என்ற சொல் அந்த உழைப்பில் பிறந்தது. இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. மொழி வராத இனம் என்று இவர்களைப் பற்றிச் சொல்கிறவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

ஆங்கிலத்தின் வருகை அச்சத்தோடு தொடங்கியது. 1808-ல் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் டச்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு நாகசாகிக்குள் நுழைந்து, டச்சு ஊழியர்களைப் பிணையாகப் பிடித்து, உணவும் தண்ணீரும் கேட்டு மிரட்டியது. தடுக்க முடியாத நகர ஆளுநர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் டச்சு மொழிபெயர்ப்பாளர்களை ஆங்கிலம் கற்கச் சொல்லி அரசு உத்தரவிட்டது. 1814-ல் முதல் ஆங்கில-ஜப்பானிய அகராதி உருவானது. பிற்காலத்தில் பெரும் கல்வியாளரான ஃபுகுசாவா யுகிச்சி பல ஆண்டுகள் இரவு பகலாக டச்சு படித்துவிட்டு 1859-ல் யோகோஹாமா துறைமுகத்துக்குப் போனார். கடைப் பெயர்ப்பலகை ஒன்றைக்கூட அவரால் படிக்க முடியவில்லை. எல்லாம் ஆங்கிலம். மனமுடைந்து திரும்பியவர், மறுநாளே ஆங்கிலத்தைப் புதிதாகத் தொடங்கினார். இன்று 10,000 யென் தாளில் முகம் மாறிவிட்டது. நாற்பது ஆண்டுகள் அதில் இருந்தது அவருடைய முகம்.

இந்த முன்னோடிகள் வெளிமொழியைப் படித்த விதம்தான் பிற்காலப் பள்ளிகளின் அச்சாக ஆனது. அதற்கும் முன்னால், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஜப்பானியர் சீன நூல்களைப் படித்து வந்தார்கள். சீனத்தில் 'படித்தேன் நூல்' என்ற வரிசையில் வரும். ஜப்பானியத்தில் தமிழைப் போலவே வினை கடைசியில்: 'நூல் படித்தேன்.' சீன எழுத்துகளின் ஓரத்தில் சின்னச் சின்னக் குறிகள் இட்டு, இதை முன்னால் படி, பிறகு மேலே திரும்பு என்று வழிகாட்டி, சீன வாக்கியத்தைச் சீனமாக உச்சரிக்காமலே ஜப்பானியமாகப் படித்துவிடுவார்கள். அந்த நூலை எழுதியவரோடு ஒரு வார்த்தை பேச முடியாது. ஆனால் அவர் நினைத்ததெல்லாம் புரியும். ஆங்கிலத்துக்கும் இதே உத்தியைத்தான் எடுத்தார்கள். சொல்லுக்குச் சொல் பொருள் எழுதி, எண் போட்டு, பின்னாலிருந்து முன்னால் திருப்பி, ஜப்பானிய வாக்கியமாக மாற்றி முடித்தால் பாடம் முடிந்தது. இதற்கு 'யாகுதோகு' என்று பெயர்; மொழிபெயர்த்துப் படித்தல் என்று பொருள். இன்றைக்கும் மேல்நிலை மாணவர்களின் குறிப்பேடுகளில் இடப்பக்கம் ஆங்கிலமும் வலப்பக்கம் ஜப்பானியமும் இருப்பதைப் பார்க்கலாம். தமிழர்களான நமக்கு இந்த வேலை புதிதல்ல. ஆங்கில வாக்கியத்தின் வாலைப் பிடித்துத் தலைக்கு வந்தால்தான் தமிழாகும் என்பதை அனுபவத்தில் அறிவோம்.

மெய்ஜி காலத்தின் (1868–1912) தொடக்கத்தில் ஒரு கட்டம் வந்தது. அப்போது ஜப்பான் வேறு திசையில் போயிருக்கக்கூடும். பிற்காலத்தில் முதல் கல்வி அமைச்சரான மோரி அரினோரி, 1872-ல் அமெரிக்க மொழியியலாளர் விட்னிக்குக் கடிதம் எழுதி, ஆங்கிலத்தையே நாட்டு மொழியாக்கலாமா என்று கருத்துக் கேட்டார். வேண்டாம் என்பதுதான் அமெரிக்கரின் பதில். அந்தக் காலத்தில் உயர்கல்வியில் வெளிநாட்டு ஆசிரியர்கள் அவரவர் மொழியில் பாடம் நடத்தினார்கள். மாணவர்கள் கணக்கும் புவியியலும்கூட ஆங்கில நூல்களில் படித்தார்கள். ஆனால் அதே வேளையில் இன்னொரு பக்கம் சொல்லாக்கம் மும்முரமாக நடந்தது. மெய்யியலுக்கு 'தெத்சுகாகு', சமூகத்துக்கு 'ஷகாய்' என்று ஒவ்வொரு துறைக்கும் சொற்கள் வந்தன. இரண்டு தலைமுறைக்குள் பல்கலைக்கழகமே ஜப்பானியத்துக்கு மாறிவிட்டது.

1911-ல் நாவலாசிரியர் நாத்சுமே சோசெகி இதைப் பற்றி எழுதினார். மாணவர்களின் ஆங்கிலம் தரம் தாழ்ந்துவிட்டது என்ற புலம்பல் அப்போதே இருந்தது. லண்டனில் இரண்டு ஆண்டுகள் இருந்து வந்த ஆங்கில அறிஞர் அவர். அவரே சொன்னார், இது இயல்பு, ஜப்பானியக் கல்வி சரியான பாதையில் வளர்ந்ததன் விளைவு இது என்று. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்த தன் தலைமுறையின் நிலையை ஒருவகை அவமானமாகவே கண்டார். அது பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட இந்தியாவின் நிலையை நினைவூட்டுகிறது என்றும் குறிப்பிட்டார். இந்தியனாக அந்த வரியை முதலில் படித்தபோது சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. நம்மிடம் ஆங்கிலம் பரவியதும் ஜப்பானில் பரவாததும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கங்கள்.

இந்தக் கல்வியின் பலத்துக்கு என் மனதில் நிற்கும் சான்று மாஸ்காவா தோஷிஹிதே. 2008-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அதற்கு முன் வெளிநாடு போனதே இல்லை. ஸ்டாக்ஹோம் மேடையில், தனக்கு ஆங்கிலம் பேச வராது என்று சொல்லிவிட்டு, நோபல் உரையை ஜப்பானியத்திலேயே நிகழ்த்தினார். துகள் இயற்பியலின் உச்சி வரை ஒருவர் தாய்மொழியிலேயே ஏற முடிகிறது. தமிழ்நாட்டில் பயிற்றுமொழி விவாதம் எழும்போதெல்லாம் ஜப்பானை எடுத்துக்காட்டுகிறோம், காட்டுவது சரிதான். ஆனால் அந்தக் கல்விக்கு அவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்த விலை என்ன? மருத்துவம், சட்டம், பொறியியல், அரசு வேலை, பெரும்பாலான நிறுவன வேலை என்று எதற்கும் ஆங்கிலம் பேசத் தேவையில்லை என்றால், பள்ளியில் ஆங்கிலம் எதற்கு? விடை: தேர்வுக்கு. ஆங்கிலப் பாடம் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் சல்லடையானது. 1947 முதல் 2002 வரை நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சட்டப்படி விருப்பப் பாடம்தான் என்றால் நம்ப மாட்டீர்கள். ஆனால் மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வில் அது இருந்ததால் எல்லோரும் 'விரும்பினார்கள்'. அந்த ஆங்கிலத்துக்குத் தனிப் பெயரே உண்டு: 'ஜுக்கென் எய்கோ', நுழைவுத் தேர்வு ஆங்கிலம். மாலையில் பிள்ளைகள் போகும் 'ஜுக்கு' எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்களில் ஆசிரியர் ஒரு சொல்லை வட்டமிட்டு, 'இது தேர்வில் வரும்' என்பார். அதைவிட வலிமையான வாக்கியம் ஜப்பானியக் கல்வியில் வேறு இல்லை.

இதை யாரும் கவனிக்காமல் இல்லை. 1974-ல் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஹிராய்சுமி வாதாரு ஒரு யோசனையை வைத்தார்: எல்லோருக்கும் அரைகுறை ஆங்கிலம் புகட்டுவதை விட்டு, பல்கலைக்கழக நுழைவுத் தேர்விலிருந்து ஆங்கிலத்தை எடுத்துவிடுவோம், மக்களில் 5 விழுக்காட்டினர் மெய்யாகவே பேசும் அளவுக்குத் தீவிரப் பயிற்சி பெற்றால் போதும். சோஃபியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வாதானாபே ஷோய்ச்சி எதிர்த்து எழுதினார். இலக்கணத்தைப் பிரித்து, மொழிபெயர்த்துப் படிப்பது அறிவுக்கான பயிற்சி, அது பேச்சுக்குப் பயன்படாவிட்டாலும் வீண் அல்ல என்றார். இருவரிலும் நான் ஹிராய்சுமியை வெகுநாள் ஆதரித்தேன். இப்போது தயங்குகிறேன். அந்த 5 விழுக்காட்டில் யார் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை 2019-ல் பார்த்துவிட்டோம்.

அந்தக் கதைக்கு வருகிறேன். ஜனவரியில் ஒரு வார இறுதியில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பல்கலைக்கழகப் பொதுத் தேர்வு எழுதுகிறார்கள். 2006-ல் அதில் ஆங்கிலம் கேட்டல் சேர்க்கப்பட்டபோது, அறையில் ஒலிபெருக்கி வைக்கவில்லை. முன்வரிசைக்கு ஒரு சத்தமும் பின்வரிசைக்கு ஒரு சத்தமும் கேட்டால் அநீதி. ஆகவே ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாகச் சிறு ஒலிக்கருவியும் இயர்போனும் கொடுத்தார்கள். நியாயத்தின் மீது இந்தச் சமூகத்துக்கு இருக்கும் பற்று அப்படிப்பட்டது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் பேச்சை இப்படி அளக்க முடியுமா? ஐந்து லட்சம் பேரைப் பேசவைத்து, ஒரே தராசில் நிறுத்து, சில வாரங்களில் மதிப்பெண் தர யாரால் ஆகும்? தனியார் நிறுவனங்கள் நடத்தும் ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம் என்று கல்வி அமைச்சகம் திட்டமிட்டது. சில தேர்வுகளின் கட்டணம் 25,000 யென்னைத் தாண்டியது. தேர்வு மையங்கள் பெருநகரங்களில். தொலைவுத் தீவில் இருக்கும் மாணவன் கப்பலேறி, விடுதியில் தங்கி எழுத வேண்டும். வசதியுள்ளவன் முன்கூட்டியே பலமுறை எழுதிப் பழகலாமே என்று 2019 அக்டோபரில் தொலைக்காட்சியில் கேட்டபோது, அப்போதைய கல்வி அமைச்சர் ஹகியுதா கோய்ச்சி, அவரவர் தகுதிக்கேற்ப முயன்றால் போதும் என்ற பொருளில் பேசிவிட்டார். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று ஓர் அமைச்சர் ஏழை மாணவனிடம் சொன்னால் எப்படி இருக்கும்? நாடே கொதித்தது. நவம்பர் 1 அன்று திட்டம் தள்ளிவைக்கப்பட்டது; 2021-ல் முற்றாகக் கைவிடப்பட்டது.

நான் அந்த மாணவர்களின் பக்கம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள்: தேசியத் தேர்வில் பேச்சு இல்லை, ஆகவே வகுப்பிலும் இல்லை. டோக்கியோ மாநகரம் மட்டும் 2022-ல் நடுநிலை மூன்றாமாண்டு மாணவர்களுக்குப் பேச்சுத் தேர்வைக் கொண்டுவந்து, அரசு மேல்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் 1,020 மதிப்பெண்ணில் 20-ஐ அதற்கு ஒதுக்கியது. எழுதாத மாணவருக்கு, எழுத்துத் தேர்வில் அவருக்கு நிகரான மற்றவர்கள் பேச்சில் பெற்ற மதிப்பெண்ணை வைத்து ஒரு மதிப்பீடு போடுகிறார்கள். பெற்றோர்கள் இதையும் எதிர்க்காமல் விடவில்லை.

அரசு சும்மா இருந்ததாகவும் சொல்ல முடியாது. 1987-ல் நான்கு நாடுகளிலிருந்து 848 இளைஞர்களை அழைத்துவந்து பள்ளிகளில் துணை ஆசிரியர்களாக அமர்த்தியது. அந்த ஜெட் திட்டம் இன்றும் நடக்கிறது. 1994-ல் மேல்நிலைப் பள்ளியில் வாய்மொழித் தொடர்புக்கென்று தனிப் பாடம் வந்தது. பல பள்ளிகளில் அந்த வேளையில் இலக்கணம் நடத்தினார்கள், 'ஓ.சி.ஜி.' என்று அதற்குப் பெயரே ஏற்பட்டது, முதல் இரண்டு எழுத்துகள் 'ஓரல் கம்யூனிகேஷன்' என்ற பாடப்பெயரையும் கடைசி எழுத்து இலக்கணத்தையும் குறிப்பவை. 2013 முதல் மேல்நிலையில் ஆங்கில வகுப்பை ஆங்கிலத்திலேயே நடத்துவது விதி. 2020 முதல் தொடக்கப் பள்ளி மூன்றாம், நான்காம் வகுப்பில் ஆண்டுக்கு 35 பாடவேளை ஆங்கில விளையாட்டும் பாட்டும். ஐந்தாம், ஆறாம் வகுப்பில் 70 பாடவேளை முறையான பாடம், மதிப்பெண்ணோடு. நடுநிலைக்கு வரும் பிள்ளைக்கு 600 முதல் 700 சொற்கள் ஏற்கெனவே தெரியும் என்று புதிய பாடநூல்கள் எடுத்துக்கொள்கின்றன. தெரியாத பிள்ளை முதல் மாதமே பின்தங்கிவிடுகிறது. தொடக்கப் பள்ளியில் இதை நடத்துவது பெரும்பாலும் எல்லாப் பாடமும் எடுக்கும் வகுப்பாசிரியர். ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி பெறாதவர். 2018-ல் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு எடுத்த கணக்கெடுப்பில் நடுநிலை ஆசிரியர்கள் அதிக நேரம் உழைக்கும் நாடாக ஜப்பான்தான் இருந்தது: வாரத்துக்கு 56 மணி நேரம். பாடம் முடிந்த பிறகு விளையாட்டுக் குழு, வீட்டுக்குத் தொலைபேசி, அறிக்கை. இந்த மனிதர்களிடம் போய் உரையாடல் வகுப்பை இன்னும் கலகலப்பாக நடத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நேரத்தையும் ஒருமுறை கணக்கிடுங்கள். நடுநிலையில் ஆண்டுக்கு 140 பாடவேளை. மேல்நிலையையும் கூட்டினால் ஏறத்தாழ ஆயிரம் பாடவேளை, ஒவ்வொன்றும் 50 நிமிடம், அறையில் 40 பேர் வரை. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானியம் கற்பிக்க 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. சிறு குழுவாக, நாள் முழுக்க, அதையே தொழிலாக. இரண்டு மொழிகளுக்கும் இடையே தூரம் அவ்வளவு. அதில் பாதியும் கொடுக்காமல், 'ஆறு ஆண்டு படித்தும் வரவில்லையே' என்று பிள்ளையைக் குறை சொல்வது கொடுமை.

இனி வகுப்பறைக்குள் நடப்பது. என் மகளுக்கு ஆங்கிலம் வீட்டிலேயே பழக்கம். நடுநிலை முதலாண்டில் பாடத்தை உரக்கப் படிக்கச் சொன்னபோது, தனக்குத் தெரிந்தபடி இயல்பாகப் படித்தாள். வகுப்பு ஒரு கணம் அமைதியானது. பிறகு பாராட்டும் சிரிப்பும் கலந்து ஒரு சலசலப்பு. சில மாதம் கழித்து 'ஜுக்யோ சான்கான்' எனப்படும் பெற்றோர் வகுப்பைப் பார்க்கும் நாளில் நான் பின்சுவர் ஓரம் நின்றிருந்தேன். அவள் எழுந்து படித்தாள். 'திங்க்' அவள் வாயில் 'ஷின்கு' ஆகியிருந்தது. 'ஆப்பிள்' 'ஆப்புரு' ஆகியிருந்தது. ஒவ்வொரு மெய்க்குப் பின்னும் ஓர் உயிரைச் சேர்த்து, வெளிநாட்டுச் சொற்களை ஜப்பானியர் எழுதும் கதகானா எழுத்தில் எழுதிப் படிப்பது போல. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் கேட்டேன். "அங்கே அப்படிப் படித்தால்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அப்பா" என்றாள். பெற்றோரின் வேலையால் வெளிநாட்டில் வளர்ந்து திரும்பும் ஜப்பானியப் பிள்ளைகளும் இதையே செய்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். 'கிகோகு ஷிஜோ' என்று அவர்களுக்குப் பெயர். தப்பாகப் பேசினால் அவமானம். சரியாகப் பேசினாலும் தனித்துத் தெரியும் அவமானம். இரண்டுக்கும் நடுவே வாயை மூடிக்கொள்வதுதான் பாதுகாப்பு. நீங்கள் ரயில் நிலையத்தில் பார்த்த தயக்கம் இங்கேதான் விதைக்கப்படுகிறது.

பள்ளிக்கு வெளியே மொழி கற்கும் ஆர்வம் இந்த நாட்டில் பொங்கிக்கொண்டிருக்கிறது. 1925-ல் வானொலி தொடங்கிய ஆண்டே ஆங்கிலப் பாடமும் தொடங்கியது. போர் முடிந்த சில வாரங்களில், 1945-ல், 32 பக்க ஆங்கில உரையாடல் கையேடு ஒன்று வெளிவந்து, முப்பத்தாறு லட்சம் பிரதிகள் விற்றது. சில மாதங்களுக்கு முன்புவரை எதிரியின் மொழி என்று ஒதுக்கப்பட்டு, பேஸ்பால் மைதானத்தில்கூட ஆங்கிலச் சொற்களை ஜப்பானியத்துக்கு மாற்றி அறிவித்த நாடு அது. இன்றும் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. ஒலிபரப்பும் பாடங்களுக்கான மாத இதழ்களைப் புத்தகக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள்: சீனம், கொரியன், பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியன். எங்கள் எதிர்வீட்டு அம்மையார் எழுபது வயதுக்கு மேல் கொரியன் தொடங்கினார். ஒவ்வொரு காலையும் சமையலறை ஜன்னல் வழியே அவர் வாய்விட்டுச் சொல்லும் வாக்கியங்கள் கேட்கும். தப்புத் தப்பாக, உரக்க. அவருக்கு மதிப்பெண் போட யாரும் இல்லை.

பொதுத் தேர்வில் ஆங்கிலத்தோடு ஜெர்மன், பிரெஞ்சு, சீனம், கொரியன் ஆகியவற்றையும் தேர்ந்தெடுக்கலாம்; ஆயினும் ஏறத்தாழ எல்லோரும் ஆங்கிலமே எழுதுகிறார்கள், ஏனென்றால் பள்ளி வேறெதையும் கற்பிப்பது அரிது. இதற்கிடையே, 1990-ல் குடியேற்றச் சட்டம் மாறியதிலிருந்து பிரேசிலிலிருந்தும், பிறகு பிலிப்பைன்ஸ், வியட்நாம், நேபாளத்திலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். கட்டாயக் கல்விச் சட்டம் வெளிநாட்டவரின் பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது. 2019-ல் அமைச்சகம் முதன்முறையாக நாடு தழுவிக் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ 20,000 பிள்ளைகள் பள்ளியிலேயே இல்லாமல் இருக்கலாம் என்று தெரியவந்தது. பள்ளிக்கு வரும் பிள்ளையையும், இரண்டு மொழி தெரிந்தவன் என்று யாரும் சொல்வதில்லை. ஜப்பானியம் போதாதவன் என்றே பதிவேட்டில் எழுதுகிறார்கள்.

என் மகளின் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான். தாய் பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர். வீட்டில் தாயோடு ஆங்கிலத்தில்தான் பேசுவான். அந்தப் பள்ளியில் அவனைவிடச் சரளமாக ஆங்கிலம் பேசிய பிள்ளை கிடையாது. இரண்டாமாண்டுப் பருவத் தேர்வில் ஆங்கிலத்தில் அவனுக்குக் கிடைத்தது வகுப்புச் சராசரிக்கும் கீழே. கோடிட்ட பகுதிகளை ஜப்பானியத்தில் பெயர்த்து எழுதச் சொல்லியிருந்தார்கள். ஜப்பானியத்தில் வழங்கும் 'கான்ஜி' எனப்படும் சீன எழுத்துகள் அவனுக்குக் கைவரவில்லை. அந்த ஆங்கில ஆசிரியைக்கு இது தெரியும். வாரத்தில் இரண்டு நாள், விளையாட்டுக் குழுவின் பயிற்சி முடிந்து மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, அவனை அருகில் உட்காரவைத்து, ஆங்கிலத் தேர்வில் தேறுவதற்காக ஜப்பானியம் சொல்லிக்கொடுத்தார்.